கட்டுக்கலையில் எங்கள் வீட்டில் முன்பு யார் குடியிருந்தார்கள் என்று தேடுவது எப்படி?

அடுப்படி ஜன்னல்:

வணக்கம். கண்டியில், பேராதனை வீதியிலிருந்து கட்டுக்கலைப் பக்கம் மேலே ஏறுகிற ஒரு சின்னத் தெருவில்தான் எங்கள் வீடு. ஆறரை பேர்ச் காணி, ஓட்டுக் கூரை, முன்னால் சிவப்புச் சீமெந்துத் திண்ணை. அப்பா 1996இல் வாங்கினார், நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. விற்றவர் குருநாகலைக்காரர். அவர் இந்த வீட்டில் ஒரு இரவு கூடப் படுத்ததில்லை என்று அப்பா சொல்வார். வாடகைக்கு விட்டே வைத்திருந்து, கூரை ஒழுகத் தொடங்கியதும் கைகழுவிவிட்டார். அதற்கு முந்திய கதை எங்களுக்குத் தெரியாது, கேட்கவும் தோன்றவில்லை.

இந்த டிசம்பர் லீவில் பெயின்ட் அடிக்க ஆள் பிடித்தோம். அடுப்படிக் கதவு நிலையைச் சுரண்டிக்கொண்டிருந்த பாஸ் (மேஸ்திரி) என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். ஐந்தாறு பூச்சு பச்சை, அதற்கடியில் ஒரு நீலம், அதற்கும் அடியில் வெறும் பலாப்பலகை. அதில் கத்தியால் கீறிய கோடுகள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஓர் எழுத்தும் வருஷமும். ‘க 63’, ‘க 64’, ‘ச 66’ என்று மேலே மேலே போகிறது. க, ச, வ, மொத்தம் மூன்று எழுத்துத்தான். பிள்ளைகளை நிற்க வைத்து உயரம் பார்த்திருக்கிறார்கள். கடைசிக் கோடு ‘வ 77 சித்’. பிறகு ஒன்றுமில்லை, அதற்கு மேல்தான் நீல பெயின்ட்.

இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாக அந்த நிலையில் சாய்ந்துகொண்டுதான் நான் தேத்தண்ணி குடித்திருக்கிறேன். இப்போது அந்தப் பக்கம் போனால் கை தானாக அந்தக் கோடுகளுக்குப் போகிறது.

தெருவில் விசாரித்தேன். கீழ் வீட்டு மாமி, “ஒரு ஹோட்டல்காரக் குடும்பம்” என்கிறார். எதிர் வீட்டு ஆச்சியம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது, சிங்களவர், நல்ல ஞாபகசாலி. அவர் “ஸ்டேஷன்ல வேலை செய்த மாத்தயா” (சிங்களத்தில் ஐயா) என்று அடித்துச் சொல்கிறார். அம்மாவோ, “தோண்டாதே, வீட்டைத் திருப்பிக் கேட்டு வந்து நிற்கப் போறாங்க” என்று பயப்படுகிறார். அப்பா இல்லை. என் கையில் இருப்பது 1996 உறுதியும் (காணிப் பத்திரம்) அதற்குப் பிறகு கட்டிய சோலை வரி (வீட்டு வரி) ரசீதுகளும்தான். எங்கே தொடங்குவது? யாராவது இப்படித் தேடியிருக்கிறீர்களா? அந்த மூன்று பேரில் ஒருவர் எங்காவது இருந்தால் அந்த நிலையை ஒரு போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும், அவ்வளவுதான் எனக்கு.

பழைய கந்தோர்:

தங்கச்சி, உறுதி எழுதுகிற ஒரு நொத்தாரிசிடம் முப்பது வருஷம் கிளார்க்காக இருந்தவன் நான், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் அப்பாவின் உறுதியை எடுத்து, காணிப் பதிவகத்தின் முத்திரை இருக்கிற பக்கத்தைப் பாருங்கள். ஓர் எழுத்தும் இரண்டு எண்களும் இருக்கும். முதல் எண் புத்தகம், இரண்டாவது பக்கம். அதைக் குறித்துக்கொண்டு கண்டி காணிப் பதிவகத்துக்குப் போய் விண்ணப்பம் எழுதிக் கட்டணத்தைக் கட்டினால் அந்தப் பக்கத்தைப் பார்க்கலாம், பிரதியும் எடுக்கலாம். கவுன்டரில் அந்தப் பிரதியை ‘பத் இரு’ என்று சிங்களத்தில் கேட்டால்தான் சட்டென்று விளங்கும்.

ஒரு காணிக்கு ஒரு பக்கம். மேலே காணியின் விவரம், நான்கு எல்லை, பரப்பு. கீழே யார் யாருக்கு எழுதினார், எந்தத் தேதி, எந்த இலக்க உறுதி, எந்த நொத்தாரிசு என்று வரிசையாக வரும். பக்கம் நிறைந்துபோனால் வேறு புத்தகத்தில் தொடருவார்கள். அப்போது இது எந்தப் பக்கத்திலிருந்து வந்தது, எந்தப் பக்கத்துக்குப் போகிறது என்று ஓரத்தில் ஒரு குறிப்பு இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போங்கள். பத்திரப் பதிவு இன்றைக்கும் 1927ஆம் ஆண்டு 23ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் கீழ்தான் நடக்கிறது. அதனால் உங்களுக்கு வேண்டிய 1963–77 காலத்துக்கு முறை ஒன்றுதான், குழம்பத் தேவையில்லை.

அங்கே போகிறவர்கள் வழக்கமாக விடும் பிழை, விற்பனை வரிகளை மட்டும் பார்த்துவிட்டு வருவது. ஈட்டு உறுதி, குத்தகை, இறந்தவரின் சொத்து பிள்ளைகளுக்குப் போனது எல்லாமே அதே பக்கத்தில்தான் வரும், குத்தகை வரியை விடவே வேண்டாம். இன்னொன்று, வீட்டு இலக்கத்தை நம்பாதீர்கள். மாநகர சபை புதிதாக மதிப்பீடு செய்யும்போது தெரு இலக்கங்கள் மாறியிருக்கும். நல்ல நொத்தாரிசு என்றால் உறுதியில் ‘முன்பு இன்ன இலக்கம்’ என்று போட்டிருப்பார். சோம்பேறி என்றால் பழைய உறுதியை அப்படியே பார்த்து எழுதிவிட்டுப் போயிருப்பார். 1950இன் 14ஆம் இலக்கமும் இன்றைய 14ஆம் இலக்கமும் வேறு வேறு வீடாக இருந்த கதைகள் எங்கள் கந்தோரில் எத்தனையோ.

எனக்குப் பிடித்த வழி ஒன்று இருக்கிறது, அது பக்கத்து வீட்டுக்காரரின் உறுதி. உங்கள் உறுதியில் இல்லாதது அவருடையதில் எல்லையாக வந்து நிற்கும், ‘கிழக்கே இன்னாரின் வீடு’ என்று. கீழ் வீட்டு மாமியிடம் பழைய உறுதி இருந்தால் ஒரு தேத்தண்ணி குடித்துக்கொண்டு வாங்கிப் பாருங்கள்.

அம்மாவிடம் சொல்லுங்கள், வாடகைக்கு இருந்தவரின் பிள்ளை ஐம்பது வருஷம் கழித்து வந்து வீடு கேட்க முடியாது. அப்படி வந்தால் தேத்தண்ணி கொடுத்து அனுப்பலாம்.

பன்விலைக்காரன்:

ஐயா சொன்னது சரி, ஆனால் அந்தப் புத்தகத்தில் வருவது பெரும்பாலும் சொந்தக்காரன்தான். தங்கச்சி தேடுவது குடியிருந்தவனை. டவுனில் பாதிப் பேர் மாத வாடகைக்கு இருந்தவர்கள், அவர்களை எந்த உறுதியிலும் பார்க்க முடியாது.

சோலை வரிப் புத்தகங்களைப் பார்க்கலாம் என்று நானும் ஒரு சபைக்கு அலைந்திருக்கிறேன் (எந்தச் சபை என்று சொல்ல மாட்டேன், இன்னும் அங்கேதான் வரி கட்டுகிறேன்). மூன்றாவது தடவை போனபோது பழைய ஏடுகள் இருந்த அறையைத் திறந்து காட்டினார்கள். மேல் தட்டு மழையில், கீழ்த் தட்டு கறையானில். நடுத் தட்டில் ஒரு பூனை.

பெர்குசன் டிரெக்டரியை (வெள்ளைக்காரர் காலத்து இலங்கை விலாசப் புத்தகம்) பாருங்கள் என்று யாராவது வந்து சொல்வார்கள், அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். வெள்ளைக்காரத் துரைமார், தோட்டம், கம்பனி, பெரிய வியாபாரி, உத்தியோகத்தர் என்றால் அதில் கிடைப்பார்கள். எங்கள் தாத்தா இருந்த தோட்டம் அதில் இருக்கிறது, ஏக்கர் கணக்கு இருக்கிறது, துரையின் பெயர் இருக்கிறது. தாத்தா இல்லை.

ஸ்டேஷன் மாத்தயா விஷயத்தில் ஒரு சந்தேகம். ஸ்டேஷன் மாஸ்டர் என்றால் குவார்ட்டர்ஸ் கிடைத்திருக்குமே, எதற்குக் கட்டுக்கலையில் வாடகை? அதனால் ஆச்சியம்மா சொல்வது ஸ்டேஷனில் வேறு ஏதோ. குட்ஸ் ஷெட் பக்கம் சாமான் அனுப்புகிறவரோ, கன்டீனோ. அப்படிப் பார்த்தால் ‘ஹோட்டல்காரர்’ என்பதும் ‘ஸ்டேஷன்’ என்பதும் ஒரே ஆளாகக் கூட இருக்கலாம்.

ஹட்டன் பெரியம்மா:

மகள், உன் நிலையைப் பற்றி வாசித்ததும் எனக்கு எங்கள் பழைய வீடுதான் ஞாபகம் வந்தது. நானும் கண்டி டவுனில்தான் வளர்ந்தேன், கலியாணம் முடித்துத்தான் ஹட்டனுக்கு வந்தேன். எங்களுடையதும் வாடகை வீடு. அப்பா 1950இல் குடி வந்தார், நாங்கள் விட்டது 1981இல். முப்பத்தொரு வருஷம். சொந்தக்காரர் காலியாக்கச் சொல்லி வழக்குப் போட்டும் முடியவில்லை, ஏனென்றால் 1948லேயே வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்துவிட்டது, 1972இல் வந்த வாடகைச் சட்டம் அதை இன்னும் இறுக்கியது. அதனால் உறுதியில் சொந்தக்காரர் மூன்று தடவை மாறியிருப்பார், உள்ளே அதே குடும்பம் அதே அடுப்பில் சமைத்துக்கொண்டிருக்கும். அந்தக் காலத்துக் கண்டியில் இது சாதாரணம்.

அப்படியென்றால் ஏன் வாங்கவில்லை என்று நீ கேட்பாய். எங்கள் அப்பாவிடம் ஒரு காலத்தில் காசு இருந்தது, பிரஜாவுரிமைதான் இல்லை. 1948ஆம் ஆண்டு 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தில் இந்திய வம்சாவளி ஆட்களான நாங்கள் வெளியே. 1949இல் இந்திய பாகிஸ்தானியருக்கென்று ஒரு சட்டம் வந்தது, அதில் அப்பா விண்ணப்பித்தார். இத்தனை வருஷம் தொடர்ந்து இங்கேயே இருந்ததற்கு அத்தாட்சி கொண்டு வா என்று அலைக்கழித்து, கடைசியில் தள்ளிவிட்டார்கள். பிறகு 1963ஆம் ஆண்டு நிதிச் சட்டம். அதற்கப்புறம் பிரஜை இல்லாத ஒருவருக்குக் காணியோ வீடோ எழுதினால் அதன் பெறுமதிக்குச் சமமாக வரி கட்ட வேண்டும். பத்தாயிரத்துக்கு வீடு வாங்கினால் பத்தாயிரம் வரி. யார் வாங்குவார்? சிலர் கூட்டாளியின் பெயரில் வாங்கினார்கள், அதில் எத்தனை பேர் ஏமாந்தார்கள் என்பது தனிக் கதை, எங்கள் சித்தப்பா உட்பட.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், உனக்கு யாராவது பழைய வாக்காளர் இடாப்பை (பட்டியலை) பார் என்று சொல்வார்கள். பார், பார்க்க வேண்டாம் என்று சொல்லவில்லை. தெரு வாரியாக, வீடு வாரியாக இருப்பதால் தேடுவதும் சுலபம். ஆனால் உன் வீட்டுக்கு நேராக ஒரு பெயரும் இல்லையென்றால் வீடு பூட்டிக் கிடந்தது என்று நினைத்துவிடாதே. 1931இல் எல்லாருக்கும் வாக்கு என்று வந்தபோது எங்கள் ஆட்களிலும் ஏராளமான பேர் இடாப்பில் ஏறினார்கள். 1949இல் தேர்தல் சட்டத்தைத் திருத்தி, பிரஜை அல்லாதவருக்கு வாக்கில்லை என்றதும் அந்தப் பெயர்களை எடுத்துவிட்டார்கள். எங்கள் வீட்டில் ஒன்பது பேர் இருந்தோம். இடாப்பைப் பார்த்தால் எங்கள் இலக்கமே கிடையாது, 12க்குப் பிறகு 16 வரும். அப்பா அதைச் சொல்லிச் சிரிப்பார், “நாம ரெண்டு வீட்டுக்கு நடுவில இருக்கிற காத்து” என்று.

சரி, எங்கே தேடலாம். பள்ளிக்கூடத்துக்குப் போ. மூன்று பிள்ளைகள் கட்டுக்கலையிலிருந்து நடந்து போகக்கூடிய தமிழ்ப் பள்ளிக்கூடம் எத்தனை இருந்துவிடப் போகிறது? ஒவ்வொரு பள்ளிக்கூடத்திலும் அனுமதி இடாப்பு என்று ஒரு பெரிய புத்தகம் உண்டு. பிள்ளையின் பெயர், தகப்பன் பெயர், தொழில், விலாசம், சேர்ந்த தேதி, விலகிய தேதி, ஏன் விலகியது என்பது கூட அதில் இருக்கும். அந்தக் கடைசிக் கட்டத்தைப் பார். என் கூடப் படித்தவர்களில் பாதிப் பேருக்கு அதில் ‘இந்தியா செல்வதால்’ என்றுதான் எழுதியிருப்பார்கள்.

1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே என்று பிரித்தார்கள். மிச்சம் 1,50,000 பேரை 1974இல் சரிபாதியாகப் பங்கு போட்டார்கள். கண்டியில் இந்திய உதவி உயர் ஸ்தானிகர் அலுவலகத்துக்கு முன்னால் பாஸ்போர்ட்டுக்கு நின்ற கூட்டம் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. அதுவும் 73, 74 பாண் கியூ காலம், ஒரு கியூவில் நின்றுவிட்டு அடுத்த கியூவுக்கு ஓடுவோம். பாஸ்போர்ட் வந்தால் கையில் குடும்ப அட்டை, ரயிலில் தலைமன்னார், அங்கிருந்து ராமானுஜம் கப்பலில் ராமேஸ்வரம், பிறகு மண்டபம் முகாம். 77 சித்திரை என்று நீ எழுதியதைப் பார்த்ததும் எனக்கு அந்த ரயில்தான் ஞாபகம் வந்தது. என் அக்கா அதில்தான் போனாள்.

சந்தேகப்பேர்வழி:

பெரியம்மா எழுதியது மனதைத் தொட்டது, ஆனால் ஒரு கோடு நின்றுவிட்டது என்பதற்காகக் கப்பல் ஏற்றிவிட வேண்டாம். 77 என்றதும் இன்னொருவர் வந்து ஆவணிக் கலவரம் என்பார். அதுவும் பொருந்தாது, அந்தக் கலவரம் ஆகஸ்ட் நடுவில், கோடு சித்திரையில். பிள்ளை வளர்ந்து, ‘இனி அளக்காதீங்க’ என்று வெட்கப்பட்டு ஓடியிருக்கலாம். எங்கள் வீட்டில் என் கோடு பன்னிரண்டு வயதில் நின்றது, காரணம் தம்பி என்னைவிட உயரமாகிவிட்டான், வேறு ஒரு துயரமும் இல்லை.

முதலில் டேப்பை எடுத்து ‘வ’வை அளந்து பாருங்கள்.

அப்புறம், எப்போது போனார்கள் என்பதை நீல பெயின்ட்தான் சொல்லும் என்று எனக்குப் படுகிறது. குடியிருக்கிறவர்கள் தங்கள் பிள்ளைகளின் கோட்டின் மேல் பெயின்ட் அடிக்க மாட்டார்கள். அடித்தது அடுத்து வந்தவர்கள், அல்லது அவர்களுக்காக வீட்டுக்காரர்.

அடுப்படி ஜன்னல்:

அளந்தேன். ‘வ 77 சித்’ நிலத்திலிருந்து மூன்று அடி ஏழு அங்குலம். ‘வ’வின் முதல் கோடு 73இல், அது இரண்டரை அடிக்குக் கொஞ்சம் மேலே. அப்படியென்றால் 77இல் ஆறு வயது இருக்கும். ‘க’ 76இல் ஐந்தடி ஐந்தோடு நின்றுவிட்டது, அது வளர்ந்து முடிந்த பிள்ளை, சரி. ‘வ’ வளர்ந்து முடியவில்லை.

இன்னொன்றும் கவனித்தேன். ‘வ’வின் கோடுகள் மட்டும் இரட்டைக் கோடு. யாரோ எக்கி நின்று ஏமாற்றியிருக்கிறார்கள், பிறகு கால் ஊன்ற வைத்துத் திரும்பக் கீறியிருக்கிறார்கள்.

பன்விலைக்காரன்:

அந்த இரட்டைக் கோட்டைப் போட்டோ எடுத்து வையுங்கள், பாஸ் மறந்துபோய் உப்புத்தாள் போட்டுவிடப் போகிறார்.

மணிக்கூண்டு:

கோயிலையும் பாருங்கள். கட்டுக்கலை செல்வ விநாயகர் பக்கத்தில்தானே இருக்கிறது. டவுன் வியாபாரிகள் உறுதியில் இல்லாவிட்டாலும் உபயத்தில் இருப்பார்கள். மணி, விளக்கு, வாகனம், படிக்கல், எதிலாவது பெயரும் ஊரும் வெட்டியிருக்கும். ஊர் என்றால் இந்தியாவில் உள்ள சொந்த ஊர், அது கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. துறையூர், முசிறி, புதுக்கோட்டை, நாமக்கல் என்று அந்தக் காலத்து ஆட்கள் ஊரைப் பெயரோடு ஒட்டித்தான் எழுதுவார்கள்.

குடிசன மதிப்பீட்டைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை, நல்லதுதான். இங்கிலாந்தில் பழைய ஏட்டைத் திறந்து வீட்டுக்கு வீடு பெயர் பார்க்கிறார்கள். இங்கே 1871இலிருந்து எண்ணுகிறார்கள், நமக்குக் கிடைப்பது தொகைதான், பெயர் கிடைக்காது. ஆனால் தொகையும் ஒன்று சொல்லும். இந்திய வம்சாவளித் தமிழர் என்று 1971இல் பதிவானவர்கள் சுமார் 11.7 இலட்சம், 1981இல் சுமார் 8.2 இலட்சம். அதில் கொஞ்சம் பேர் இலங்கைத் தமிழர் என்று பதிந்துகொண்டவர்கள், அதைக் கழித்துத்தான் பார்க்க வேண்டும். இருந்தாலும் அந்தப் பத்து வருஷத்துக்குள்தான் உங்கள் ‘வ’வும் வருகிறது.

ஒரு வேண்டுகோள், பெயர் கிடைத்தால் இங்கே போட வேண்டாம். அவர்களுக்குத் தங்கள் கதை இப்படிப் பொதுவில் வருவது பிடிக்குமோ பிடிக்காதோ.

அடுப்படி ஜன்னல்:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். லீவில் வீட்டு வேலையும் சேர்ந்துகொண்டது.

காணிப் பதிவகத்துக்கு இரண்டு காலை போனேன். பழைய கந்தோர் ஐயா, உங்களுக்குக் கோடி நன்றி. குருநாகலைக்காரர் வாங்கியது 1979இல். அவருக்கு விற்றது கம்பளையில் இருந்த ஓர் அம்மா, அவருக்குத் தகப்பன் வழியில் வந்த வீடு. விற்பனை வரிகள் அவ்வளவுதான், நீங்கள் எழுதியிருக்காவிட்டால் நானும் மூடிவிட்டு வந்திருப்பேன். நடுவில், விரலால் ஒவ்வொரு வரியாகத் தடவிக்கொண்டு வந்தபோது, 1961இல் ஐந்து வருஷக் குத்தகை ஒன்று. குத்தகை எடுத்தவரின் பெயர், தொழில் ‘வியாபாரி’. 66இல் அது முடிந்த பிறகு புதுப்பித்ததாக ஒன்றும் இல்லை. மாத வாடகையாக மாறியிருக்கும் போல, பெரியம்மா சொன்ன மாதிரி அப்படியே இருந்துவிட்டார்கள். பெயரை நான் போடவில்லை, மணிக்கூண்டு சொன்னது சரிதான்.

கோயில்களில் ஒன்றும் கிடைக்கவில்லை. இரண்டு கோயில் பார்த்தேன், ஒன்றில் திருப்பணியின்போது பழைய கற்களை மாற்றிவிட்டார்களாம். கீழ் வீட்டு மாமியின் உறுதியில் எல்லைக்கு வெறும் இலக்கம் மட்டுமே இருக்கிறது, ஐயா சொன்ன சோம்பேறி நொத்தாரிசு அவருக்குத்தான் வாய்த்திருக்கிறார்.

ஆனால் பெயர் கையில் வந்த பிறகு தெருவில் கேட்பது வேறு மாதிரி இருக்கிறது. ‘முன்பு யார் இருந்தாங்க’ என்று கேட்டால் ஆளுக்கொரு கதை, பெயரைச் சொன்னால் முகமே மாறுகிறது. எதிர் வீட்டு ஆச்சியம்மா கையைத் தட்டினார், “ஆங், அதுதான் மாத்தயா!” ஸ்டேஷனில் வேலை இல்லையாம், ஸ்டேஷனுக்கு எதிரே சாப்பாட்டுக் கடையாம். பன்விலைக்காரன் அண்ணே, நீங்கள் சொன்னது அச்சாகப் பலித்துவிட்டது. ஆச்சியம்மாதான் என்னை ஒரு தையல்காரரிடம் அனுப்பினார். இப்போது தைப்பதில்லை, மகன் வீட்டில் இருக்கிறார், எழுபது தாண்டிவிட்டது. 77இல் அவர் தன் அண்ணனின் கடையில் காஜா எடுத்துக்கொண்டிருந்த பையன்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். மூத்தது இரண்டும் ஆண், கடைசி பெண். அந்தப் பெண்ணுக்கு முதலாம் வகுப்புக்கு வெள்ளைக் கவுன் தைத்தது தான்தான் என்றார். கடையில் அளவுப் புத்தகம் இருந்ததாம், பெயர், தேதி, அங்குலம் எல்லாம் எழுதி. எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. எங்கே அந்தப் புத்தகம் என்று கேட்டேன். “83இல கடையோட போச்சு” என்றார், அவ்வளவுதான், அதற்கு மேல் அவர் பேசவும் இல்லை நான் கேட்கவும் இல்லை. எழும்பும்போது அவராகவே சொன்னார், அந்த மனுஷன் வருஷப் பிறப்பு முடிந்த கையோடு தெரு முழுக்க நடந்து எல்லார் பாக்கியையும் தீர்த்துவிட்டுத்தான் தலைமன்னார் ரயில் ஏறினார், எங்கள் கடைக்கு இருபத்திரண்டு ரூபாய் என்று.

ஆக, பெரியம்மா, நீங்கள் நினைத்த ரயில்தான். ஊர் துறையூர்ப் பக்கம் என்று மட்டும் அவருக்கு ஞாபகம். ஆனால் அங்கே போனார்களா, கூடலூர், கோத்தகிரி என்று டேன்டீ (தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டக் கழகம்) தோட்டத்துக்கு அனுப்பினார்களா தெரியாது. பள்ளிக்கூடம் ஜனவரியில் திறந்ததும் அனுமதி இடாப்பைக் கேட்டுப் போகிறேன், அதிபரிடம் கடிதம் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

ஹட்டன் பெரியம்மா:

கடைக்காரர் என்றால் டேன்டீக்கு அனுப்பியிருக்க மாட்டார்கள் மகள், அது தோட்ட வேலைக்குப் போனவர்களுக்கு. டவுன் ஆட்களுக்கு வியாபாரக் கடன்தான் கொடுத்தார்கள், என் அக்காவின் புருஷனுக்கும் அப்படித்தான். அதனால் துறையூர், திருச்சி என்று தேடு. அக்காவின் பேரன் திருச்சியில்தான் இருக்கிறான், பெயரை எனக்குத் தனியாக அனுப்பு, கேட்டுப் பார்க்கச் சொல்கிறேன். பெண்ணின் எழுத்து ‘வ’ என்பதையும் சேர்த்து அனுப்பு.

அடுப்படி ஜன்னல்:

அனுப்பிவிட்டேன் பெரியம்மா. அம்மா பக்கத்தில் இருந்து, ‘அந்த இருபத்திரண்டு ரூபாய் கதையையும் எழுது’ என்றார். வீட்டைக் கேட்டு வருவார்கள் என்ற பயம் போய்விட்டது போல.

பாஸ் திங்கட்கிழமை திரும்ப வருகிறார். அந்த ஒரு நிலையை மட்டும் தொட வேண்டாம், வார்னிஷ் கூட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். சரி என்கிறார், ஆனால் கூலியில் ஒரு சதம் குறைக்க மாட்டாராம், சுரண்டியதுதான் கஷ்டமான வேலையாம்.